சுவரைப் பார்த்து நிற்கும் பெயர்

1

"சிலையைத் திருப்புங்க. முதுகைப் பார்க்கணும்."

இந்தக் கதை இந்த வாக்கியத்தில் பிறந்தது. இதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஸ்தேர்கியோஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். ஏதென்ஸில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்காட்சிப் பொறுப்பாளர் அவர். சிற்பி பொலிக்ஸேனியின் வாழ்நாள் பணியைப் பற்றிக் கண்காட்சி நூலுக்குக் கட்டுரை எழுத என்னை அமர்த்தியவர்.

"என்ன வேணா கேளு ஸ்மாரோ. முதுகுப் பக்கம் மட்டும் போகாத தாயே. அவங்க சிலையெல்லாம் சுவரை ஒட்டித்தான் நிக்கும். அதான் பாணி."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அச்சில் பெயர் வரப்போகும் முதல் ஆளும். [இந்த வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன். இருக்கட்டும். இழக்கப்போவது இதைத்தான்.]

2

கட்டுரைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பொலிக்ஸேனியின் பளிங்கு, மௌனத்தின்...' வேண்டாம். மௌனம் என்று அழகாக எழுதுகிறவர்கள், வாயை மூடியது யார் என்று கேட்பதில்லை.

'முதலில் கதவுகளைச் செதுக்கினார். பிறகு காலி நாற்காலிகள். பிறகு தலையில்லாத பெண்கள். அந்த வரிசைக்குப் பெயரற்றவள் என்று...'

இது உண்மை. ஆனால் இங்கேதான் என் கை நின்றது. கடைசிப் பெயரற்றவளின் தோளில், உளி படாமல் விட்ட இடத்தில், ஒரு பழுப்பு வளையம். வரலாற்றின் காயம் என்று விமர்சகர்கள் உருகியிருக்கிறார்கள்.

எண்ணெய்க் கறை ஐயா அது. அந்தக் கல் எங்கள் அம்மாவின் கல்லறைப் பளிங்கு; அது விளக்கு உட்கார்ந்திருந்த இடம். சனிக்கிழமைதோறும் ஏற்றியது நான். சிந்தியதைச் சட்டைக் கையால் துடைத்த இழுப்புகூட அப்படியே இருக்கிறது.*

* எங்களூரில் செத்தவர்களுக்கும் இடம் கிடையாது. மூன்று வருஷம் மண்ணுக்குள். பிறகு எலும்பைத் தோண்டி ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவோம். அழுகிற அவசரத்தில் கல்லறை மேலே கிடந்த பளிங்கை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

3

முதல் வரைவில் பொலிக்ஸேனியின் விரல் நிறைய மோதிரம் போட்டிருந்தேன். வெறுக்க வசதியாக இருந்தது. கழற்றிவிட்டேன். அந்த விரல்களில் இருப்பது உளித் தழும்புகள்.

காட்சிக்கூடத்தில் அவள் முன்னாலேயே சிலையைத் திருப்பச் சொல்லி நான் கேட்டதும் ஸ்தேர்கியோஸ் காப்பியில் புரையேறி இருமினார். பொலிக்ஸேனி அசரவில்லை.

"திருப்புங்கப்பா. பார்த்துட்டுப் போகட்டும்."

ஆட்கள் திருப்பினார்கள். உளி படாத முதுகில் கல்லறை எழுத்துகள். அஸிமி... மிச்சம் இடுப்பு வளைவில் வெட்டுப்பட்டிருந்தது.

"அஸிமினா. எங்கம்மா."

அவள் வெட்டுப்பட்ட எழுத்தை விரலால் தடவினாள்.

"கல்லறைக் குப்பையில கிடந்துச்சு பொண்ணே. போட்டுட்டுப் போனது நானா?"

[இந்தக் கேள்வி எங்களைத்தான் குத்துகிறது. அதனால் இதை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கினால் நானும் சுவரை ஒட்டி நிற்க வேண்டியதுதான்.]

"நாங்க விட்டுட்டுப் போனோம், சரி. பேரை ஏன் சுவத்துப் பக்கம் வச்சீங்க?"

"பேரு இருந்தா ஒரு வீட்டுச் சாவு. பேரு இல்லேன்னா ஊர்ச் சாவு. நின்னு அழறவங்க அவங்கவங்க அம்மாவை நெனச்சு அழுவாங்க."

"எங்க வீட்டுச் சாவுதான் மேடம் அது!"

"கத்தாத ஸ்மாரோ," என்றார் ஸ்தேர்கியோஸ்.

"செத்தவங்க பேரை நீங்க மறைப்பீங்க, நான் மெதுவாப் பேசணுமா?"

4

முடிவுகள்.

பொலிக்ஸேனி கண்கலங்கி என் கையைப் பிடிக்கிறாள். பொய். அவள் அழவில்லை.

கலை பெரியது என்று நான் தெளிகிறேன். என் பேராசிரியர்களுக்குப் பிடித்திருக்கும்.

நடந்தது இது: 'இந்தச் சிலையின் பெயர் அஸிமினா' என்பதைக் கட்டுரையின் முதல் வரியாக அங்கேயே எழுதி நீட்டினேன். ஸ்தேர்கியோஸ் படித்தார்.

"இந்த வரியை எடுத்துடு. உன் பேரு புத்தகத்துல வரும். எடுக்கலேன்னா கட்டுரையே வராது."

"எந்தப் பேரு வரணும்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"முட்டாளா நீ? அப்புறம் இந்த ஊர்ல யாரு உனக்கு..."

தாள்களைப் பிடுங்கிக்கொண்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான்.

கண்காட்சி திறந்ததும் போங்கள். சுவரில் கன்னத்தை வைத்து இடுக்கில் பாருங்கள். தெரியாவிட்டால் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். உரக்க. முடிவை அங்கே நீங்கள் எழுதுங்கள், என்னால் இனி இங்கே நிற்க முடியாது. பின்னால் ஆட்கள் சிலையை மறுபடி சுவரோடு தள்ளும் சத்தம் கேட்கிறது. நான் வாசல்படி இறங்கிவிட்டேன்.