பதிவேட்டில் இழுத்த கோடு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதுவும் யாராவது என் வேலையில் குறை சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் ஒரு சலவை ஆலையில் நர்ஸாக இருந்தேன். 'ஊசியம்மாவுக்குக் கைராசி, குத்தினதே தெரியாது' என்று பெண்கள் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள். இப்போது அந்தக் கையைப் பார்க்கவே கூசுகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆலையில் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி. நூற்று எண்பது பேருக்கும் மதியத்துக்குள் போட்டாக வேண்டும். மெஷின் நிற்கக் கூடாதென்று மேலாளர் பத்துப் பத்துப் பேராக அனுப்புவார். சீருடையின் கை இறுக்கம், சுருட்டினால் மேலே ஏறாது. அதனால் கழுத்துப் பட்டனைத் திறந்து, துணியைத் தோளிலிருந்து கீழே இழுக்கச் சொல்வேன். அப்படி இழுத்தால் தோளின் மேல்நுனிதான் தெரியும். ஊசி போடவேண்டிய சதைப்பற்றான இடம் துணிக்குள்ளேயே இருந்துவிடும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

பதிவேட்டையும் முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுவேன். 'எந்தக் கை' என்ற கட்டத்தில் முதல் பெயருக்கு 'இடது' என்று எழுதி, மற்றவர்களுக்கும் அதேதான் என்று பக்கத்தின் அடிவரை ஒரே கோடு இழுத்துவிடுவேன்.

அந்த வருஷம் இஸ்திரிப் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். நீராவி பட்டுக் கொப்புளித்து, இடது தோளுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் வேணாம், வலதுல போடுங்க."

"சரி சரி, சட்டையைச் சீக்கிரம் இழு" என்று வலதில் போட்டேன். அவள் வலியில் முனகினாள். "நீ என்ன சின்னக் குழந்தையா?" என்று அதட்டிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன். பதிவேட்டில் அந்தக் கோடு இருந்தபடியே இருந்தது.

மறுநாளிலிருந்து அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் தோள்மூட்டு இறுகிப்போனது. இஸ்திரி மேடையிலிருந்து எடுத்து, பாதிக் கூலிக்குத் துண்டு மடிக்கும் வேலையில் போட்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஊசி மூட்டுவரை போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத் தடுப்பூசி இழப்பீட்டு வாரியத்தில் மனுப் போட்டாள். பதிவேட்டின்படி ஊசி போட்டது இடது கையில், வலிப்பது வலது கை, ஆகவே சம்பந்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தோடு அவள் புருஷன் என் அறைக்கு வந்தான். பஸ் கண்டக்டர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்தக் கைல போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என்னையா சந்தேகப்படுகிறான்?

"அதான் எழுதியிருக்கில்ல? அப்புறம் என்ன கேள்வி?"

"அவ வலதுன்னு அடிச்சுச் சொல்றா."

"அப்போ நான் பொய் எழுதினேங்கறீங்களா?"

"ஐயோ, அப்படி இல்ல சிஸ்டர். அவ வேலைக்கு வளையாம நாடகம் ஆடுறான்னு எங்கம்மா முதல்லேர்ந்தே சொன்னாங்க. நான்தான் இவ்வளவு நாளா நம்பல." கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் அந்தக் கட்டு ஞாபகம் வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவன் கேட்கும்போதே ஞாபகம் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு எட்டு மாதம் குறுகுறுத்தது. ஆலையில் அவள் எதிரே வந்தால் மாத்திரை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அவளோ, "என்னக்கா, சாப்டாச்சா?" என்று எப்போதும்போல் கேட்டுவிட்டுப் போவாள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சின்ன அறை, நாலைந்து நாற்காலி, ஒரே ஒரு அதிகாரி. அவளுடைய வக்கீல் பதிவேட்டைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"சார், அக்கா பொய் எழுதற ஆளில்ல. எனக்குத்தான் புத்தி தடுமாறிப்போச்சோ என்னவோ. வீட்ல எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே நிச்சயமாத் தெரியல. மனுவை விட்டுடறேன்."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"வலதுலதான் போட்டேன். இவ இடது கைல கட்டு இருந்துச்சு. பதிவேட்டை நான் முந்தின நாளே எழுதி வெச்சுட்டேன். ஊசியையும் போடவேண்டிய இடத்துக்கு மேலதான் போட்டேன். இவ புருஷன் வந்து கேட்டப்பவே இதெல்லாம் எனக்குத் தெரியும்."

அதிகாரி நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். மனு ஜெயிக்கும், என் வேலை போகும், இரண்டும் எனக்குப் புரிந்துவிட்டது. அதெல்லாம் அப்புறம். நாலு வார்த்தை நறுக்கென்று திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள். "வீட்டுக்குப் போனதும் உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."