பத்துக் கோதுகள்

சாவி பூட்டுக்குள் போய்விட்டது, திரும்பத்தான் மாட்டேன் என்றது. டெல்சி கறுப்புச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தாள். பதினொரு மணிக்குச் சேமக்காலை மண்டபத்தில், கல்லறைகளுக்குப் பக்கத்தில், அப்பாவுக்குக் கடைசிப் பூசை. அதற்கு முன் நிலவறை அலுமாரியில் அவர் வைத்திருந்த வெடிமருந்து வீட்டை விட்டுப் போயாக வேண்டும். அனுமதிப் பத்திரம் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு ஒரு டப்பாகூட வீட்டில் இருக்கக் கூடாதாம். இந்த நாட்டில் செத்த வீட்டுக்கும் டெர்மின், நாள் குறித்த கெடு, உண்டு.

"கதவைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள் யூலியா. அப்பா போய்வந்த துவக்குச் சுடும் கழகத்தின் செயலாளர் அவள். மருந்தை எடுத்துப்போக அனுமதி உள்ளவள், மரப்பெட்டியோடு வந்திருந்தாள். துவக்கு இரண்டும் அப்பா படுக்கையில் விழுந்த கிழமையே கழகத்துக்குப் போய்விட்டன.

தூக்கியதும் பூட்டுத் திறந்துகொண்டது.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்த அப்பா அருட்பிரகாசம், டோர்ட்மண்டில் காசு கட்டித் துவக்குச் சுடப் போனது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அங்க அது எங்களைப் பாத்து நிண்டது. இங்க ஒரு கடதாசியைப் பாத்து நிக்குது" என்பார் அப்பா. அதோடு அந்தக் கதை முடிந்துவிடும். முப்பது வருடம் கடைசல் பட்டறையில் நின்றவர். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து, இந்த நிலவறை மேசையில் அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, திரும்ப மருந்து போடுவார். சுடுவதை விட இதில்தான் அவருக்கு ருசி.

மேலே அம்மா பிளோறன்ஸின் குரல் படிவழியே இறங்கிவந்தது. எசனில் இருந்து வந்த விஜயரத்தினம் அண்ணைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாசியிலதான் அண்ணை தெரிஞ்சது. அதுக்கு முதல் ஒரு தலையிடி எண்டு படுத்ததில்லை. தெரிஞ்சிருந்தா டெல்சி விட்டிருப்பாளே? அவள் நேர்ஸ் எல்லோ."

ஒரு கிழமையாக வாசலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அம்மா இதைச் சொன்னாள். டெல்சி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள். மூளையில் கட்டி. மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் வெட்டி எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் முந்தி யாருக்கும் தெரியாதே, என்ன செய்ய?

யூலியா மருந்து டப்பா இரண்டையும் பெட்டியில் வைத்து எழுதிக்கொண்டாள். பிறகு மேசையைப் பார்த்து நின்றாள். மரத்தட்டில் பத்துக் கோதுகள் நிரையாக நின்றன. பக்கத்தில் கடிகாரம் போன்ற முள் வைத்த அளவுமானி.

"போன இலையுதிர் காலம் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினார்" என்றாள். "அச்சுக்குள் அழுத்தி எடுத்தால் கோதின் கழுத்து நடுவில் நிற்க வேண்டும். அளவுமானியில் வைத்து விரலால் உருட்டினால் முள் அசையக் கூடாது. இவருக்கு முள் ஆடியது. கழுத்து கோணுகிறது என்றார். அச்சை மாற்றினார். கழுத்தை விரிக்கிற உருண்டையைக் கழற்றிப் பார்த்தார். எண்ணெயை மாற்றினார். ஒவ்வொன்றாகத்தான், இரண்டை ஒருசேர மாற்றவே மாட்டார். எதிலும் சரிவரவில்லை."

"பிறகு?"

"நவம்பரில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். எங்கே என்று கேட்டேன். கோதில் பிழையில்லை என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுட வரவேயில்லை. மகளின் கல்யாண வேலை என்றார்."

யூலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். டெல்சி தட்டை எடுத்தாள். அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடதாசி மட்டை. மேலே திகதி, கார்த்திகை பதினாலு. இரண்டு நிரல். ஒன்றின் தலைப்பு 'நான்', மற்றது 'டெல்சி'. கீழே மில்லிமீற்றரின் நூறில் எத்தனை பங்கு என்று எண்கள். நான்: 11, 14, 9, 16 என்று பத்து எண்கள். டெல்சி: 2, 3, 2, 2 என்று பத்து. அதே பத்துக் கோதுகள்.

அந்த நாள் அவளுக்கு நினைவு இருந்தது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கியவளை மறித்துக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா கீழ வாறியே? அஞ்சு நிமிசம்."

"எனக்கு நேரமாச்சு அப்பா."

"அஞ்சு நிமிசம்தான்."

ஒவ்வொரு கோதாக அளவுமானியில் வைத்து உருட்டச் சொன்னார். ஜாக்கெட்டைக் கழற்றாமலே உருட்டினாள். அவர் முள்ளை மட்டும் பார்த்தார். பத்தாவது முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பிழை பிடிபட்டுதோ அப்பா?"

"ஓம், பிடிபட்டுது. காணும் பிள்ளை, நீ போ. ட்றாம் போயிடும்."

ஆடியது கோது இல்லை, அவருடைய கை. வெறும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தை முள் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்ற நேர்ஸ் கோதைத்தான் பார்த்தாள்.

கார்த்திகையில் டாக்டரிடம் போயிருந்தால் தையில் கல்யாணம் நடந்திராது. மாப்பிள்ளை லக்ஸன் வீட்டார் தள்ளிப்போடச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் டெல்சியே நிறுத்தியிருப்பாள். முந்நூறு பேருக்குக் கார்ட் கொடுத்த பிறகு பெண்ணின் தகப்பனுக்கு நோய் வருத்தம் என்று ஒரு கதை வெளியே போக யார் விடுவார்கள்? அப்பாவும் விடவில்லை.

கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில் அவர் கடைசி நேரத்தில் அவளைச் சுற்றி மறுபக்கம் வந்து நின்றது இப்போதுதான் உறைத்தது. "பக்கம் மாறி நிக்கிறியள் அப்பா" என்றதற்கு, "எனக்கு இதுதான் வசதி" என்று இடது கையைத் தந்தார். வலது கை காற்சட்டைப் பைக்குள். படங்களைப் பார்த்து அம்மா எத்தனை தரம் சிரித்திருப்பாள், பைக்குள்ள என்ன புதையலே வைச்சிருந்தவர் என்று.

டெல்சிக்கு அப்பா மேல் பொல்லாத கோபம் வந்தது. அடுத்த கணம் அழுகை முட்டியது, அதற்கும் நேரம் இல்லை. மேலே கார் கதவுகள் சாத்துப்படும் சத்தம் கேட்டது. மட்டையை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு படியேறினாள்.

"கீழ என்னவும் கிடந்ததே?" என்று கேட்டாள் அம்மா.

"வெறுங்கோதுதான் அம்மா."

மண்டபத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த அதே கோட். கைகளை நெஞ்சின் மேல் சேர்த்துச் செபமாலை சுற்றியிருந்தார்கள். பின்னால் அம்மா புதிதாக வந்த யாருக்கோ தொடங்கிவிட்டாள். "மாசியிலதான் தெரிஞ்சது..."

டெல்சி குனிந்து முத்தம் கொடுத்தாள். நிமிரும்போது மட்டை அப்பாவின் கோட்டு உட்பைக்குள் போயிருந்தது. பிறகு பெட்டியைச் சுற்றி வந்து, அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கம் வழியெல்லோ பிள்ளை, ஆக்கள் வரவேணும்" என்றாள் அம்மா. "இஞ்சால வா."

"நான் இந்தப் பக்கம் நிக்கிறன் அம்மா. ஆக்களை அங்கால வரச் சொல்லுங்கோ."