வாலு என்ற பெயரில் தட்டுகிறவன்

1
இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று எழுதி, அடித்தாயிற்று. பொறாமையில் பிறந்தது.

2
முதல் தொடக்கம்: 'அவள் போன பிறகு வீடு…' வேண்டாம்.

இரண்டாவது: சமையலறை அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு லினக்ஸ் சர்வர், இணையத்தோடு இணைந்த சின்னக் கணினி, ஓடுகிறது. அவள் அமைத்தது. அவளுடைய குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான். கடவுச்சொல் கணவனுக்குத் தெரியாது.

3
சர்வர் திணறுகிறது என்று கூப்பிட்டதும் அவள் தம்பி வந்தான். அவனுக்கு அதுதான் தொழில். உள்நுழைய முயன்று தோற்றவர்களின் பதிவைத் திறந்து காட்டினான். ரூட், அட்மின், டெஸ்ட் என்று திரை நிறைய ஓடியது.

"ஆளுங்க இல்ல அத்தான், மெஷினு. வாய்க்கு வந்த பேரெல்லாம் போட்டுப் பார்க்கும்."

நடுநடுவே ஒரு பெயர்: வாலு. அவளைக் கணவன் மட்டும் கூப்பிட்ட பெயர். சர்வரில் தன் கணக்குக்கும் அவள் அந்தப் பெயரையே வைத்திருந்தாள். எந்த மெஷின் வாய்க்கும் அது வராது; அது தெரிந்த எவனோ ஒருவன்.

[பாத்திரத்தின் மேல் சந்தேகம்: மனைவியைப் பறிகொடுத்தவன் இவ்வளவு அற்பமாக வயிறெரிவானா? எரிவான்.]

4
அந்த ஆள் மதிய வேளைகளில் தட்டியிருந்தான். நல்ல உயரம், அவளைச் சிரிக்கவைக்கும் குரல், எல்லாம் கணவன் மனதில் அவனுக்கு நிமிடத்தில் முளைத்துவிட்டன.

தட்டல் எந்த இடத்திலிருந்து வந்தது என்று தம்பி முகவரியைத் தேடினான். தலையைச் சொறிந்தான்.

"உங்க ஆபீஸ், அத்தான்."

"ஆபீஸ்ல யாரு?"

தம்பி திரையில் அந்த மதிய நேரங்களின் மேல் விரலை வைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பது கணவனின் வழக்கம். தான் தட்டியதும் திருடர் வரிசையில் ஏறும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

5
கடவுச்சொல்லை மாற்றித் தருகிறேன், ஒரு நிமிட வேலை, உள்ளே போய் எல்லாம் கேட்கலாம் என்றான் தம்பி.

"வேணாம். அவ என்ன வார்த்தை வச்சிருந்தான்னு தெரியணும். எனக்கு முதல்ல."

"மெஷின் முந்திக்கிட்டா? கடவுச்சொல் வழியையே மூடிடறேன். கம்ப்யூட்டர்ல சாவி மாதிரி ஒரு கோப்பு வச்சிருக்கறவங்க மட்டும் உள்ள வரலாம். அப்புறம் எவனும் ஊகிக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்களும்தான்."

6
'மூடு என்றான்.' எழுதி அடித்தாயிற்று.
'இன்னும் ஒரு வாரம் என்றான்.' அதுவும்.

தம்பியின் விரல் என்டரின் மேல் நிற்கிறது. "மூடவா அத்தான்?"

திரையில் தட்டல்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மூடலாம், விடலாம். அவள் வைத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று மட்டும் யோசிக்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை.