வலம் சுழலும் படிகள்

கார்காலத்தின் பதினோராம் நாள் முற்பகல், ஆற்றோரத் தெருவின் கடைசி நெசவுக்கூடத்தில் இரண்டு தறிகள் அருகருகே ஓடின. மழை கழுவிய ஓட்டின் இடுக்குகளில் புகுந்த வெயில் பாவு நூல்களின்மேல் பொற்கம்பிகளாய் விழ, கரையை மோதி மீளும் நீரென ஊடுநூல் சுமந்த நாடாக்கள் போய்வந்தன. தறிகளில் அமர்ந்திருந்தோர் அண்ணன் தம்பியரை மணந்த ஓரகத்தியர். ஓராண்டாய் ஒரே கூரையின்கீழ் உலை வைத்தும் தம்முள் ஒரு சொல் பேசாதவர்.

பகைக்கு வித்து துணியில் நெய்த ஒரு சதுரம். அதன் விளிம்பில் தொடங்கி, படிப்படியாய் இறங்கி, வலப்புறமாகச் சுழன்று நடுவில் ஒடுங்கும் வரியைத் தன் ஆக்கம் என்றாள் மூத்தவள். தன்னுடையது என்றாள் இளையவள். கூடத்துப் பெட்டியில் கிடந்த மாதிரித் துண்டைக் கையிலேந்திய, துணி வாங்க வந்த வணிகர், அதை வகுத்தவளுக்கே ஓராண்டு நெசவு வேலை என்றுரைத்து, இருவரையும் தம் கண்முன் ஒரு சாண் நெய்யப் பணித்தார்.

“என்ன, கை நடுங்குதா? திருடினது மறந்துபோச்சா?” என்றாள் மூத்தவள், ஓராண்டில் முதன்முறையாக.

“உங்களுக்கு மறக்காது அக்கா. பெட்டியத் திறந்து திறந்து மனப்பாடம் பண்ணினவங்களாச்சே.”

“வாய் ஓடுற வேகத்துல தறி ஓடினா, நான் மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிடுவேம்மா” என்றார் வணிகர்.

அக்கூடத்துத் தறிகளில் ஆடையின் முகம் கீழ்நோக்கியே வளரும். நெய்பவள் காண்பது அதன் முதுகை. இருபதாண்டுகளாய் மூத்தவள் நெய்தவையோ கட்டங்களும் சாய்சதுரங்களும். முன்னும் பின்னும் ஒன்றுபோலவே நிற்கும் அவ்வுருவங்கள் அவளை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

வணிகர் இரண்டு துணிகளையும் அறுத்து, முகம் மேலாகத் திருப்பி, மாதிரியின் அருகே விரித்தார். இளையவளின் படிகள் மாதிரியைப் போலவே வலப்புறம் சுழன்றன. மூத்தவளின் படிகள் இடப்புறம் சுழன்றன.

“நீங்க என் மாதிரியப் பார்த்து இதைத் தாள்ல வரைஞ்சப்பவே பார்த்தேன் அக்கா. அப்படியே நெய்தா திரும்பி விழும்னு தெரியும். சொன்னா திருத்திக்குவீங்கன்னுதான் வாயே திறக்கல” என்றாள் இளையவள்.

மூத்தவள் கத்தரியைக் கையில் எடுத்தாள். வணிகர் பதறி எழுந்தார். அவள் அறுத்தெறிந்தது, தன் தறியில் எஞ்சியிருந்த பாவு நூல்களையே.

ஓராண்டு நெசவு இளையவளுக்குச் சென்றது. அடுத்த கிழமை இரு தறிகளுக்கும் நடுவே சுவர் எழுந்தது. மூத்தவள் பக்கத்தில் சாளரம் இல்லை.