வால்வு வைக்காத குழாய்

எந்த வருஷம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாதமும் சந்தேகம்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு ஞாபகம், மழை தொடங்கிவிட்டது என்று இன்னொரு ஞாபகம். இரண்டும் என்னுடையவைதானா என்பதே தெளிவில்லை. ஆனால் குழாய்களை இணைத்து மோட்டாரைப் போட்ட அன்று மாலை, அந்த வீட்டின் மூன்று தளங்களிலும் இருந்த ஆறு பேருக்கும் காய்ச்சல் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று இருந்தது. இதில் சந்தேகம் இல்லை. தளத்துக்கு ஒன்றாக மூன்று தெர்மாமீட்டர்களில் பார்த்தார்கள். முந்தின நாள் வரை அவர்களில் ஒருத்திக்கு மட்டும் மாலைதோறும் நூற்று மூன்று இருந்தது. மற்ற ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஒருத்தி, ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக்கின் மூன்றாவது மகள். எல்லோருக்கும் அவள் கடைக்குட்டி. உடம்பில் இரத்தம் ஊறாத நோய். இருபத்திரண்டு வயதில் நகங்கள் சுண்ணாம்பாக வெளுத்து, கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அடுத்த கோடையைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் அவள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அப்பா அவள் அறையில் ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்து அதில் பவளம் வளர்த்தார். பவளம் செழித்தது. ஒடித்த துண்டுகளை வைத்து முதல் தளத்தில் தனியாக இருந்த நடு மகளுக்கு ஒரு தொட்டி. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். இரண்டாம் தளத்தில் பெரியவள், அவள் கணவர், ஐந்து வயதுப் பெண் குழந்தை, அவர்களுக்கு ஒன்று. சின்னத் தொட்டிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. ஒரு நாள் கவனிக்காவிட்டால் நீர் கரித்து, பவளம் வெளுக்கும். இன்று கீழே சரி செய்தால் நாளை மேலே கெடும். முப்பத்தொரு வருஷம் லிப்டுகளோடு மல்லுக்கட்டியவர் கடைசியில் மூன்று நீரையும் ஒன்றாக்கிவிடுவது என்று முடிவு செய்தார். பெரிய நீர் சீக்கிரத்தில் கெடாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரிய அடித்தொட்டி வைத்தார். மூன்று தொட்டிகளிலிருந்தும் வழிகிற நீர் குழாய்களில் இறங்கி அதில் விழும், ஒரே மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். மின்சாரம் போனால் நீர் பின்வாங்கி வீட்டை நனைத்துவிடாமலிருக்க, ஏற்றும் குழாய் ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போட்டார். எல்லாம் முறைப்படி செய்தார். ஒன்றைத்தான் வைக்கவில்லை.

பெரிய மாப்பிள்ளை குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். குழாய் விஷயத்தில் தனக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைப்பவர்.

"மாமா, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வால்வு வச்சுடுங்க. ஒண்ணுல நோய் வந்தா மூடிப் பிரிச்சுக்கலாம்."

"வால்வுன்னு ஒண்ணு வச்சா, என்னைக்காவது ஒரு நாள் யாராவது மூடிடுவாங்க மாப்பிள்ளை."

"மூடத்தானே மாமா வால்வு?"

"பிரிக்கிறதுக்கா சேர்க்கிறோம்?"

மாப்பிள்ளை மேலே போய் மனைவியிடம், "உங்கப்பாவுக்கு லிப்டும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

அன்று மாலை வந்த காய்ச்சலை முதலில் புரிந்துகொண்டவள் நடு மகள். நூற்று மூன்றில் சாதாரண உடம்புச் சூட்டைக் கழித்தாள், மீதியை ஆறால் வகுத்தாள், கூட்டினாள். சரியாக வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் மூன்று தளங்களிலும் எடுத்தது. அவர் சிகரெட் பிடித்தால் பள்ளிக்கூடத்தில் குழந்தை இருமினாள். "என் தூக்கத்துலகூட உங்க வீட்டு ஆளுங்க பங்கு கேக்குறாங்க" என்று அவர் குறைப்பட்டார். உண்மையில் அந்த வீட்டில் எல்லோரும் ஆறே கால் மணிக்குச் சேர்ந்துதான் விழித்தார்கள். கடைக்குட்டி இரண்டாம் மாதம் எழுந்து நடந்தாள். மூன்றாம் மாதம் மொட்டைமாடிவரை ஏறினாள். அப்பா ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினார். டாக்டர் அவள் இரத்தத்தை இரண்டு முறை சோதித்துவிட்டு, இயந்திரத்தில் கோளாறு என்றார். கோடை வந்தது. அவள் அதைத் தாண்டினாள்.

அந்தக் கோடையின் கடைசியில்தான் பெரியவள் தன் குழந்தையின் நகங்களைக் கவனித்தாள். பெரியவர்கள் தாங்குகிற பங்கு வேறு, பதினாறு கிலோ உடம்பு தாங்குகிற பங்கு வேறு. விளையாட்டு மைதானத்தில் மற்றக் குழந்தைகள் ஓட, இவள் சுவர் ஓரமாக நின்றாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தின் பலனிலும் குழந்தைக்குக் கிடைத்தது ஆறில் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பெரியவள் அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய், தன் தொட்டிக்குப் போகும் குழாயின்மேல் அதன் பல்லை வைத்தாள். கடைக்குட்டி வாசலில் வந்து நின்றாள்.

"அறுத்துடுக்கா."

"வாயை மூடுடி."

"நிஜமாத்தான் சொல்றேன். பாப்பா நகத்தை நானும் பார்த்தேன்."

"உன்னைக் கேட்டுக்கிட்டு அறுக்க வரலை. நீ போய்ப் படு."

"நீ அறுத்தா அப்புறம் படுத்துக்கிட்டேதானே இருக்கப் போறேன். இப்பவே எதுக்கு?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடியும்முன் அழுகை வந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "யாருடி அங்க அழறது? எனக்குக் கண்ணு கொட்டுது!" என்று கத்தினார். ரம்பம் குழாயில் அரை விரல்கூட இறங்கவில்லை.

நடு மகள் படியிறங்கி வந்தாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"யாரும் எதையும் அறுக்க வேண்டாம். தண்ணி பத்தலை, அவ்வளவுதான்."

"என்னடி உளர்றே?"

"ஆறு பேருக்குப் பிரிச்சா பாப்பா உடம்புல தெரியுது. அறுபது பேருக்குப் பிரிச்சா யாருக்குத் தெரியப் போகுது? கடல்ல கரைச்ச பெருங்காயம்."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவே?"

நடு மகள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் எழுந்து ரம்பத்தைச் சுவர் ஆணியில் மாட்டினாள். கடைக்குட்டி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று பேரும் அதன்பின் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசியதில்லை.

முதல் தொட்டி பக்கத்து வீட்டுத் தையல்காரிக்குப் போனது. இரண்டாவது அச்சகக்காரருக்கு. சும்மா கொடுத்தார்கள், நீர் மாற்ற வேண்டாம், உப்பு அளக்க வேண்டாம், எல்லாம் எங்கள் அடித்தொட்டி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அப்பா மதில் வழியாகவும், நடைபாதைக்கு அடியிலும், பிறகு தெருவைக் குறுக்கே தோண்டியும் குழாய் போட்டார். இரண்டு வருஷத்தில் பத்தொன்பது வீடுகள், எங்கள் வீடும் அதில் ஒன்று; மொத்தம் எழுபத்து நான்கு பேர். ஜன்னல்தோறும் நீல வெளிச்சம். குழந்தையின் நகங்கள் சிவந்தன. அவள் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். தெருவில் எல்லோருக்கும் படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது, வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் குழாய் ஒருவழிப் பாதை இல்லை. சனிக்கிழமைகளில் தையல்காரியின் கணவர் குடித்தால் தெரு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தது. எதிர்வீட்டுத் தலைமையாசிரியருக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய மறதி எல்லா வீடுகளுக்கும் வந்தது. சாவியைத் தேடாத ஆளே இல்லை. எனக்கு வருஷம் தப்புவதும் அதனால்தான். பதிலுக்கு, நான் பிறப்பதற்கு முன் இறந்துபோன, அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் பெயரை அவ்வப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்குத் தலைமையாசிரியரின் நேரம் வந்தது. எழுபத்து நான்கு பேரும் இருந்த இடத்திலேயே சாய்ந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் மேஜைமேல், வகுப்பில் இருந்தவர்கள் டெஸ்கின்மேல். பதினொரு நிமிடம் யாருக்கும் மூச்சு இல்லை. பிறகு எல்லோரும் எழுந்தார்கள். தலைமையாசிரியரும் எழுந்து, தன்னை ஏன் இவ்வளவு நேரம் தூங்கவிட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.

தொட்டி உள்ள வீட்டார் மட்டுமே சாய்ந்தார்கள் என்று தெரிந்ததும், அன்று மாலை தெருவே மெக்கானிக் வீட்டு வாசலில் நின்றது. "கேக்காமக் கொள்ளாம எங்க உசுரைப் பங்கு போட்டுட்டீங்களே!" என்றாள் தையல்காரி. அப்பா வாதாடவில்லை. "வேண்டாங்கிறவங்க அறுத்துக்குங்கம்மா, ரம்பம் ஆணியிலதான் தொங்குது" என்றார். தையல்காரி உள்ளே பார்த்தாள். பிறகு, ஈரல் கெட்டுப்போயும் இரண்டு வருஷமாக உயிரோடிருக்கிற தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அச்சகக்காரருக்கு வீட்டில் இருதயம் பலவீனமான மகன் இருந்தான். எல்லோருக்கும் யாராவது ஒருவர் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. சாக வேண்டிய நேரம் வருகிறது, எல்லோருமாகச் சாய்கிறோம், எழுகிறோம். ஒருமுறை தள்ளிவைத்தது அடுத்த முறையோடு சேர்ந்து வருகிறது என்று நடு மகள்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள். அடுத்த முறை இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. போன வருஷம் காலை உணவிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை கிடந்தோம். எழுந்தபோது பறவைகள் ஜன்னல் கட்டைகளில் வந்து உட்கார்ந்திருந்தன. அடுத்த தெருவிலும் இப்போது பள்ளம் தோண்டுகிறார்கள்.

மெக்கானிக்குக்குத் தொண்ணூற்றெட்டு வயது, நாற்காலியில் உட்கார்ந்து குழாய் போடுகிறவர்களை அதட்டுகிறார். தலைமையாசிரியருக்கு நூற்றுப் பத்து. மாப்பிள்ளை சிகரெட்டை விட்டுவிட்டார், தெருவில் ஐந்தாறு பேர் ஒருமித்துக் கெஞ்சியதால். நடு மகள் லென்ஸ் தேய்ப்பதில்லை, கணக்கு மட்டும் பார்க்கிறாள். அடுத்த முறை எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும், கேட்டால் சொல்வதில்லை. பெரியவளின் மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். எங்கே இருந்தாலும் அவள் சாய்கிற நேரம் இங்கே சாய்கிற நேரம்தான். பெரியவள் தங்கைகளோடு பேசுவாள், ஆனால் மாடிப்படிக்குக் கீழே போவதில்லை. கடைக்குட்டிக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள்தான். சிரித்த முகத்தோடு கொடுப்பாள், பவளத்துக்குப் பெயர் வைக்கக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். இதுவரை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.