பூங்கோதையின் முதல் சோறு

“எத வேணும்னாலும் குடுங்க. சோறு மட்டும் குடுக்கக் கூடாது.”

மங்களம் இதைச் சொன்னதும் மருதப்பன் தலையில் அடித்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பண்ண? அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, உங்கள் மனைவிக்கு டிபி, வெள்ளிக்கிழமை வந்து படுக்க வேண்டும், ஆறு மாசத்துக்குக் குறையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட நின்று தமிழில் சொன்ன நர்ஸ் மங்களத்தைத் தனியே கூப்பிட்டு இன்னும் விளக்கினாள்.

“பிள்ளைக்கு ஒட்டல, அதுவே பெரிசு. இன்னியோட பால் குடுக்கறத நிறுத்திடுங்க. மடியில போடாதீங்க, மூஞ்சிக்கிட்ட போகாதீங்க. வெள்ளிக்கிழமை வரலேன்னா உங்க கட்டில் அடுத்த ஆளுக்குப் போயிடும் லா. அப்புறம் எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

அன்று திங்கள். கையில் இருந்தது நாலே நாள்.

பிள்ளை பூங்கோதைக்குப் பத்து மாசம். பத்து மாசமாகியும் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியாத வாய். அதற்குக் காரணம் மங்களம் செய்துகொண்ட வேண்டுதல். இவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டுமே ஒரு வயசு முடியுமுன் போய்விட்டன. மூன்றாவது தங்கினால் அதன் முதல் சோற்றைத் தஞ்சாவூர்ப் பக்கம் குலதெய்வம் வீரனார் சந்நிதியில்தான் ஊட்டுவேன் என்று மங்களம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். ஆறாம் மாசம் ஊருக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. துறைமுக வேலையில் மருதப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்று தள்ளிப் போனது. பிறகு மங்களத்துக்கு இந்தப் பாழாய்ப்போன இருமல் வந்தது.

“சாமிக்குத் தெரியாதா உன் நெலம? ரெண்டு வாய் சோத்தக் குடுத்துப் பாப்போம் மங்களம்,” என்று மருதப்பன் கெஞ்சினான்.

“ரெண்ட வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன். மூணாவதையும் குடுக்கச் சொல்றீங்களா?”

மருதப்பன் சிராங்கூன் ரோட்டுக்குப் போய்த் தன் அக்கா செல்லக்கண்ணுவை அழைத்து வந்தான்.

செல்லக்கண்ணு கெட்டிக்காரிதான், நாலு பிள்ளை வளர்த்தவள்தான். ஆனால் பொறுமை என்பது அவளுக்குக் கிராம் கணக்கில்கூடக் கிடையாது. அந்தக் குவீன்ஸ்டவுன் மாடிவீட்டுக்குள் நுழைந்த கையோடு மங்களத்தைப் படுக்கையறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தாள். டப்பாப்பாலைப் பாட்டிலில் கொடுத்தாள், பிள்ளை ரப்பரைக் கடித்துத் துப்பியது. மேரி பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்தாள். பீசாங் வாழைப்பழத்தை மசித்தாள், கேழ்வரகுக் கூழ் கிண்டினாள். பூங்கோதை உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அடேயப்பா, பத்து மாசப் பிள்ளைக்கு அவ்வளவு வைராக்கியம்!

கதவுக்கு உள்பக்கம் மங்களம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழ அழப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பத்தடி தூரத்தில் பிள்ளை பசித்துக் கிடக்கிறது, இங்கே பால் வீணாக வழிகிறது. இந்தக் கொடுமையை எந்தத் தாய் தாங்குவாள்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாங்க முடியாமல் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துவிட்டாள். பூங்கோதை ஆவென்று வாயைத் திறந்தபோது செல்லக்கண்ணு மங்களத்தின் கையைத் தட்டிவிட்டாள்.

“நீயே கொல்லப் போறியாடி?”

அந்த வார்த்தை மங்களத்தைச் சுட்டுவிட்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை பிள்ளைக்கு உள்ளே போனது பஞ்சில் நனைத்துப் பிழிந்த சர்க்கரைத் தண்ணீர் மட்டும்தான். வியாழக்கிழமை காலையில் அழக்கூடத் தெம்பில்லை. உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. செல்லக்கண்ணு பயந்துபோனாள், பயத்தில் கோபம் வந்தது. பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கால் கூழை ஊற்றினாள். புரையேறிப் பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. பிறகு குபுக்கென்று அத்தனையும் வெளியே வந்தது.

மங்களம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். “போதும் அண்ணி. நான் நாளைக்குப் போகல. என் பிள்ள வாய் திறக்காம நான் எங்கயும் போகல.”

“போகலேன்னா நீ செத்துருவ மங்களம்,” என்றான் மருதப்பன். அவன் குரல் உடைந்தது. அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆமினா பீவி வந்துவிட்டாள். கீழக்கரைக்காரி, ஐந்து பிள்ளை பெற்றவள். மங்களத்தின் வேண்டுதல் அவளுக்கு ஆதியோடந்தமாகத் தெரியும். அறிவுரை கிறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். “கொஞ்ச நேரம் என் பிள்ளைகளோட இருக்கட்டும்மா. எல்லாரும் சேந்து இவளையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா இவ என்ன செய்வா?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மங்களம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வீடுகளுக்கு வெளியே ஓடும் பொதுநடையில், ஆமினா வீட்டு ஜன்னலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். அது அவர்கள் வீட்டில் பகல் சாப்பாட்டு வேளை. தரையில் பாயை விரித்து நடுவில் சஹன் வைத்திருந்தது. சஹன் என்றால் பெரிய வட்டத் தாம்பாளம். அந்த வீட்டில் ஆளுக்கொரு தட்டு கிடையாது, எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கைபோட்டுச் சாப்பிடுவார்கள். வெள்ளைச் சோறு, நடுவே குழி பறித்து மீன் ஆணம் என்கிற குழம்பு. ஐந்து பிள்ளைகளும் பிசைந்து, உருட்டி, மீன் துண்டுக்குச் சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆமினா பூங்கோதையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டுத் தன்பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். பிள்ளைக்கு ஒரு பருக்கைகூடக் காட்டவில்லை. அந்தப் பிள்ளைகளும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

பூங்கோதை பார்த்தாள். கைகள் போவதைப் பார்த்தாள், வாய்கள் அசைவதைப் பார்த்தாள். ஆமினாவின் கை சஹனுக்கும் வாய்க்கும் போய்வர, பிள்ளையின் கண்ணும் கூடவே போய்வந்தது. மடித்து வைத்திருந்த உதடு மெல்ல வெளியே வந்தது.

பிறகு குனிந்து, கையை நீட்டி, சோற்றில் வைத்தாள்.

ஆமினா சட்டென்று அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

“மங்களம், சோறும்மா. என்ன செய்ய?”

மங்களத்துக்குக் குழிக்குள் வைத்த இரண்டு முகங்களும் கண்ணெதிரே வந்து நின்றன. ‘வேண்டாம்’ என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பூங்கோதை பிடிபட்ட கையை இழுத்து இழுத்துப் பார்த்து, சிணுங்கி, வாயைத் திறந்து சோற்றை நோக்கிக் குனிந்தாள். நாலு நாளாக யாராலும் திறக்க முடியாத வாய்.

“விடுங்க ராத்தா,” என்றாள் மங்களம்.

ஆமினா கையை விட்டாள். ஆணம் படாத ஓரத்துச் சோறு ஒரு பிடி பிள்ளையின் கைக்குள் போனது. பாதி மூக்கில் ஒட்டியது, பாதி பாவாடையில் கொட்டியது, ஏழெட்டுப் பருக்கை வாய்க்குள் போனது. முகத்தைச் சுளித்தாள். நாக்கால் வெளியே தள்ளினாள். தள்ளியதை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாள். விழுங்கிவிட்டு, திரும்பக் கையை நீட்டினாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஹோவென்று கத்திச் சிரிக்க, அவளும் சிரித்தாள்.

பின்னால் வந்து நின்ற செல்லக்கண்ணு வாயில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! பாய் வீட்டு மீன் சோறா முதல் சோறு? சாமி சும்மா விடுமா?”

“கேக்கட்டும் அண்ணி. ஆஸ்பத்திரிக்கு வந்து என்னையக் கேக்கட்டும். பிள்ளைகிட்ட வரவேண்டாம்.”

மங்களம் சாமியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மருதப்பன் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டான். பக்கத்து வீட்டில் சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கண்ணுவும் அங்கேதான் இருந்தாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டிய பருக்கையை அவள்தான் எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

“தூர நின்னு ஒரு தடவ பாத்துட்டு வா,” என்றான் மருதப்பன்.

“பாத்தா எங்கிட்ட வர அழுவா. அழுதா சாப்பிடறத விட்டுருவா. நடங்க.”

ஜன்னலைக் கடக்கும்போது அவள் குனிந்துகொண்டாள். மூன்றாவது மாடியிலிருந்து படி இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருமல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. அந்தச் சத்தம் மேலே போயிருக்க வேண்டும், மடியில் கிடந்து கேட்டுப் பழகிய அம்மாவின் இருமல். பூங்கோதை வீறிட்டாள்.

மங்களம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் மேல்படியில் ஏறிவிட்டது.

அழுகை இழுத்து இழுத்து வந்தது. ஆமினாவின் குரல் கேட்டது, அவள் பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. அழுகை விம்மலாகி, அப்புறம் நின்றுபோனது. வாய் நிறைந்துவிட்டால் பிள்ளை எப்படி அழும்?

நாலு நாளாக மங்களம் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான். கிடைத்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து, மேலே கேட்டுவிடாமல், அழுது தீர்த்தாள்.