சிவப்பா, பச்சையா

ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவளுக்கு அதிரடிப் படையில் திருப்புளி என்று பெயர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்னத் திருப்புளி செருகியிருப்பாள். பேச்சும் கொஞ்சம் குத்தும். அன்று அவளுக்குக் கொடுத்த வேலை என்னவோ எளிதுதான். துப்பாக்கிக்கு அடியில் பொருத்துகிற லேசரில் சிவப்பு வாங்கலாமா, பச்சை வாங்கலாமா? எட்டு வீரர்களையும் வைத்துச் சோதித்து, மாலைக்குள் கமாண்டரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும்.

முதலில் வெயிலில். இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிறுத்திய அட்டை மனிதன்மேல் சிவப்புப் புள்ளியைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லோருக்கும் கண் பூத்துப்போனது. பச்சை பளிச்சென்று உட்கார்ந்தது. இருட்டு நடைக்கூடத்துக்குள் போனதும் கதை மாறியது. அங்கே சிவப்பே தாராளம். பச்சை கண்ணைக் கூச வைத்தது. புகை அடைத்த அறையிலோ பச்சைக் கதிர் கயிறு கட்டினாற்போல் நீண்டு, பிடித்திருப்பவன் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

"இது லேசரா, வீட்டு விலாசமா?" என்றான் ஒல்லி என்கிற வீரன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய அக்காவின் கணவர். குறி தப்பாதவர் என்பதால் ஆணி என்றுதான் படையில் கூப்பிடுவார்கள். கதவை உடைத்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைவது பன்னிரண்டு வருடமாக அவர்தான்.

கடைசிச் சோதனை நிஜக் குண்டோடு. ஒரு கையில் கேடயம் இருப்பதால் துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்க முடியாது. லேசர் புள்ளியை நம்பித்தான் சுட வேண்டும். நடைக்கூடத்தின் கோடியில் இரண்டு அட்டைகள், ஒன்று ஆயுதம் ஏந்தியவன், பக்கத்தில் பிணைக்கைதி. ஆணி சிவப்பு லேசரோடு சுட்டார். குண்டு பிணைக்கைதியின் கழுத்தில் பாய்ந்தது.



"லேசர் கோணலா இருக்கு," என்றார் அவர்.

அவள் துப்பாக்கியை வாங்கி மேசைப் பிடியில் இறுக்கி, மூன்று தடவை சுட்டுப் பார்த்தாள். மூன்றும் புள்ளி விழுந்த இடத்திலேயே விழுந்தன. மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு லேசரை மட்டும் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"அத்தான், சுட வேண்டாம். புள்ளி எங்க விழுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நெஞ்சுல."

"இப்போ?"

"வலது தோள்ல."

அவள் பொத்தானையே அழுத்தியிருக்கவில்லை. லேசரை அவர் முன்னால் வைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"பிறந்ததுலேர்ந்து. சிவப்பு எனக்குக் கறுப்பு மாதிரிதான். வேலைக்குச் சேரும்போது கண் சோதனைப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சட்டையெல்லாம் அவதானே எடுத்து வைக்கிறா." குரலைத் தாழ்த்தினார். "பச்சை எனக்கு நல்லாத் தெரியுதும்மா. எப்படியும் நீ பச்சைன்னுதான் எழுதப் போற. எழுதிடு. யாருக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். நிஜமாகவே வெயிலில் பச்சைதான் ஜெயித்தது. ஒரு பொய்கூட எழுத வேண்டியதில்லை, இருட்டையும் புகையையும் அவர் கண்ணையும் பற்றி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். அப்போதுதான் அலமாரியில் தொங்கிய கைப்பட்டைகள் கண்ணில் பட்டன. சாதாரண உடையில் முன்கூட்டியே உள்ளே நுழைகிற தங்கள் ஆட்களைத் தப்பித் தவறிச் சுட்டுவிடாமலிருக்கக் கட்டுகிற பட்டை. எல்லாமே சிவப்பு.

ஒன்றை எடுத்துத் தன் கறுப்புச் சட்டையில் கட்டிக்கொண்டு நடைக்கூடத்தின் கோடியில் போய் நின்றாள். "எந்தக் கையில கட்டியிருக்கேன்?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "தெரியலம்மா."

"போன மாசம் இதைக் கட்டிக்கிட்டு உள்ள இருந்தது யாரு?"

"ஒல்லி."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நடையை வச்சு." சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்கு உறைத்தது போலிருந்தது. சுவரில் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அபாய மணி அலறியது. ஏதோ ஒரு அலுவலகத்தில் துப்பாக்கியோடு ஒருவன், உள்ளே ஒன்பது பேர். படையின் வேறு பிரிவிலிருந்து இரண்டு பேர் சாதாரண உடையில் ஏற்கெனவே கட்டடத்துக்குள் போய்விட்டார்களாம். பழக்க தோஷத்தில் ஆணியின் கை தலைக்கவசத்தைத் தூக்கியது. அவள் வாசலை மறித்து நின்றாள்.

"வழியை விடு."

"முடியாது அத்தான்."

"முதல்ல போறது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் விட மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒரு கணம் தன்னைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தாள். அவர் தள்ளவில்லை. தலைக்கவசத்தைக் கீழே வைத்தார். அவள் விலகியதும் வெளியே போய், ஒல்லியின் கையில் கேடயத்தைக் கொடுத்தார். "நீ முன்னால போ." பிறகு கமாண்டரிடம் இரண்டே வாக்கியம் பேசினார். கமாண்டரின் முகம் செத்துப்போனது. வண்டி அவர் இல்லாமல் கிளம்பியது.

வயர்லெஸ் பெட்டியின் முன் இருவரும் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டபோது அவர் அவள் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தார். கடைசியில் ஒல்லியின் குரல் மூச்சிரைக்க வந்தது. "எல்லாரும் பத்திரம். அவனையும் உயிரோட பிடிச்சாச்சு."

அன்று மாலையே அறிக்கை போனது. வெளிவேலைக்குப் பச்சை, இருட்டுக்கும் புகைக்கும் சிவப்பு, கைப்பட்டை மட்டும் உடனே வெள்ளையாக வேண்டும், எட்டுப் பேருக்கும் புதிதாகக் கண் சோதனை. அவருடைய பெயரை அவள் எழுதவில்லை. அதை அவரே தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை. பயிற்சிப் பள்ளிக்கு மாற்றினார்கள், பதவி ஒரு படி இறங்கியது.

அக்கா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நேரமில்லக்கா. மணி அடிச்சுடுச்சு."

"தெரியும். அவரும் அதைத்தான் சொன்னார்." செருப்பைக் கழற்றினாள். "இருந்தாலும் சொல்லியிருக்கலாம்."

சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.